மின் ஸ்கூட்டர் வாங்கலாமா? வடாற்காடு வாசகர்களின் கேள்விகளும் விடைகளும்

மின் ஸ்கூட்டர் வாங்குவது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணி, போளூர் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்தக் கம்பெனி வண்டி நல்லது?’ என்றே தொடங்குகின்றன. ஒரு பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிட எங்களுக்கு மனமில்லை. இராணிப்பேட்டையிலேயே ஆம்பியர் வண்டிகளுக்கான தொழிற்சாலை 2021 முதல் இயங்குகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆகவே நம் பகுதியில் ஷோரூம்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெட்ரோல் வண்டியைப் போலன்றி, மின் வண்டி இரவில் எந்த வீட்டில், எந்தப் பிளக் பாயிண்டில் நிற்கப்போகிறது, பழுதானால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அது உதவியாகவோ தொல்லையாகவோ அமைகிறது. வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டைப் பாருங்கள் என்பதுதான் கீழே உள்ள எல்லா விடைகளிலும் நாங்கள் வற்புறுத்துவது.

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் குடியிருக்கிறேன். குடியாத்தம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பணி. போக வர நாளொன்றுக்கு 64 கிலோமீட்டர் ஆகிறது. 3 கிலோவாட் மணி பேட்டரி உள்ள வண்டி ஒரு முறை சார்ஜ் போட்டால் 120 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– ஆசிரியை, காட்பாடி

பதில்: வாங்கும் ஆண்டில் உங்களுக்குக் குறை தெரியாது, நான்காம் ஐந்தாம் ஆண்டில்தான் தெரியும். விளம்பரத்தில் சொல்லப்படும் 120 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடத்தில், உருளையின் மீது வண்டியை நிறுத்தி, வகுக்கப்பட்ட குறைந்த வேகங்களில் ஓட்டிப் பெறும் கணக்கு. அங்கே எதிர்க்காற்று இல்லை, கூட்ட நெரிசல் இல்லை, முன்னால் பை நிறைய விடைத்தாள் கட்டுகளும் இல்லை. சாலையில் மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சராசரி மின் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 முதல் 35 வாட் மணி வரை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. அதன்படி 3 கிலோவாட் மணி (அதாவது 3,000 வாட் மணி, ஈ.பி. கணக்கில் 3 யூனிட்) பேட்டரியில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடலாம். பேட்டரியைச் சுழியத்துக்கு இறக்கி ஓட்டுவது நல்லதல்ல என்பதால் 15 விழுக்காட்டை ஒதுக்கினால் உங்கள் கையில் இருப்பது 76 கிலோமீட்டர்.

இப்போது 64க்கு 76 போதும் என்று தோன்றும். ஆனால் பேட்டரி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. உத்தரவாதப் பத்திரங்களில் பெரும்பாலும் ‘70 விழுக்காட்டுக்குக் கீழே கொள்ளளவு போனால்தான் மாற்றித் தருவோம்’ என்ற விதி இருக்கும். அதாவது பேட்டரி 71 விழுக்காட்டில் நிற்கும்போது கம்பெனியின் கண்ணில் அது நல்ல பேட்டரி. உங்களுக்கோ அது ஒதுக்கீடு போக 54 கிலோமீட்டர் மட்டுமே தருகிற பேட்டரி. மாலையில் வீடு வந்து சேருவதற்குள் திரை சிவப்பாக மாறிவிடும். இதே கணக்கை 4 கிலோவாட் மணி பேட்டரிக்குப் போட்டுப் பார்த்தால், அது 70 விழுக்காட்டுக்குத் தேய்ந்த பின்னும் 70 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே 4 கிலோவாட் மணி அளவுள்ளதை எடுங்கள். இல்லையென்றால் பள்ளியில் பகலில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளத் தலைமையாசிரியரின் அனுமதியை முதலில் பெற்றுவிட்டுச் சிறிய பேட்டரிக்குப் போங்கள். வேகமும் கணக்கில் சேர வேண்டும்: மணிக்கு எழுபதில் விரட்டினால் காற்றின் எதிர்ப்பு மிகுந்து மேற்சொன்ன கணக்கெல்லாம் சரிந்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை உங்களைப் போல நாள்தோறும் நெடுந்தூரம் போகிறவருக்குத்தான் மின் வண்டி உண்மையான மிச்சம் தருகிறது. மாதம் 1,600 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, 60 யூனிட் சுற்றளவில் மின்சாரம் ஆகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு அதே தூரத்துக்கு 35 லிட்டர் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவர், கையில் நல்ல பெட்ரோல் வண்டி இருக்கும்போது மிச்சத்துக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

கேள்வி: வேலூரில் 2022இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மின் வண்டி என்ற பேச்சை எடுக்கவே விடுவதில்லை. எங்கள் வீடு தெருவை ஒட்டிய பழைய வீடு. வண்டியை இரவில் நடையில்தான் நிறுத்த முடியும். அந்த அச்சம் நியாயமானதுதானா?
– வாசகர், கொசப்பேட்டை

பதில்: நியாயமானதுதான். 2022 மார்ச் மாத இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவில் சார்ஜ் போட்டிருந்த புது மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டில் சூழ்ந்த புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் பள்ளி வயது மகளும் இறந்தார்கள். நம் ஊரில் நடந்த அந்தத் துயரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மின் வண்டியைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் எண்ணம். அதே ஆண்டு நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்ததைத் தொடர்ந்து, பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்னும் மின்னணு அமைப்பு, ஒரு செல்லில் எழும் வெப்பம் மற்ற செல்களுக்குப் பரவும் ஆபத்து, ஆபத்து நேரும்போது எச்சரிக்கை ஒலி ஆகியவற்றைப் பற்றி அதில் விதிகள் உண்டு. ஆகவே இன்று ஷோரூமில் நிற்கும் பதிவு எண் பெறும் வண்டியை 2022இல் விற்றவற்றோடு ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பழைய வண்டியைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் மட்டும் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, 2023 ஏப்ரலுக்கு முந்தையதாக இருந்தால் வேண்டாம் என்று விட்டுவிடுவது நல்லது.

லித்தியம் பேட்டரியில் இருவகை உண்டு. எல்.எஃப்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, அதே எடையில் சற்றுக் குறைவான மின்சாரத்தையே தேக்கும். ஆனால் வெப்பத்தைத் தாங்குவதிலும் நீண்ட நாள் உழைப்பதிலும் மற்றொரு வகையான என்.எம்.சி.யை (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) விட மேலானது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், விலையும் மற்ற வசதிகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், எல்.எஃப்.பி.யையே நாங்கள் சொல்வோம்.

இருந்தாலும் தரச் சான்று பேட்டரிக்குத்தான். உங்கள் சுவரில் உள்ள பிளக் பாயிண்டுக்கு அல்ல. பழைய வீடு என்கிறீர்கள். சார்ஜ் போடப்போகும் பிளக் பாயிண்டை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். துளைகளைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலும், பிளக்கைச் செருகினால் ஆடினாலும், மேலே இருக்கும் பெரிய எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இழுக்கப்படாமல் இருந்தாலும் அது வண்டிக்கு ஆகாது. செல்போன் சார்ஜரைத் தாங்குகிற பாயிண்ட், 700 வாட் சார்ஜரை நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தாங்கும் என்று சொல்ல முடியாது. இழுக்கும் மின்சாரம் 3 ஆம்பியர்தான் என்றாலும், தளர்ந்த இணைப்பில் மணிக்கணக்கில் பாயும்போது அந்த ஓரிடம் மட்டும் சூடேறிக் கருகும். மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டு, அதற்கென்று மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் தனி எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்து, எர்த் சரியாக வேலை செய்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மின் வண்டிக்குச் சார்ஜ் போடவே கூடாது. முதல் முறை சார்ஜ் போட்ட ஒரு மணி நேரத்தில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் பின்களுக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூட்டைத் தாண்டிச் சுட்டால் இணைப்பில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிக முக்கியமானது. தெருவுக்குப் போகும் ஒரே வழியில் வண்டியை நிறுத்தி, எல்லாரும் உள்ளே உறங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். தீயை விட அதன் புகை வேகமாக ஆளைச் சாய்க்கும், வழியும் அடைபட்டுவிடும். திண்ணைப் பக்கத்திலோ பின்கட்டிலோ கூரைக்குக் கீழே காற்றோட்டமான இடம் இருந்தால் அங்கே பாயிண்டை இழுங்கள். அப்படி இடமே இல்லையென்றால், விடிந்து எழுந்த பிறகோ மாலையில் எல்லாரும் விழித்திருக்கும்போதோ சார்ஜ் போட்டு முடித்துவிடுங்கள். அதற்கும் வாய்ப்பில்லாத வீட்டுக்கு மின் வண்டி வேண்டாம் என்றே வெளிப்படையாகச் சொல்கிறோம். வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜ் போடாமல் அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிடுவது எல்லாருக்கும் பொருந்தும். சார்ஜ் போட்டிருக்கும் வண்டியிலிருந்து புகையோ சீறும் ஒலியோ வந்தால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல் எல்லாரும் வெளியேறிவிட்டு 101க்கு அழையுங்கள்.

கேள்வி: வாலாஜாபேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே சார்ஜ் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள வண்டி எனக்கு ஏற்றதா?
– தோல் தொழிற்சாலை ஊழியர், வாலாஜாபேட்டை

பதில்: ஏற்றதாக இருக்கலாம், ஆனால் ஷோரூமிலேயே பேட்டரியைக் கழற்றச் சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பாருங்கள். பெரும்பாலானவை பத்துக் கிலோவுக்கு மேல் எடை உள்ளவை; சில வண்டிகளில் அப்படி இரண்டு இருக்கும். இரவுப் பணி முடிந்து வந்து நாள்தோறும் அதைச் சுமப்பது நீங்களா, வீட்டில் வேறொருவரா என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். மாடிக்கு வந்த பேட்டரியைப் படுக்கையறையிலோ வாசற்கதவின் பக்கத்திலோ வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. கொசப்பேட்டை வாசகருக்குச் சொன்ன எச்சரிக்கைகள் அத்தனையும் இங்கும் பொருந்தும்.

வீட்டுக்காரரிடம் இன்னொரு முறை பேசிப் பார்ப்பதும் தவறில்லை. அவர் தயக்கம் பெரும்பாலும் ஈ.பி. பில்லைப் பற்றியதாக இருக்கும், அதில் உண்மையும் உண்டு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விகிதம் இருமடங்காகிவிடுகிறது. 450 யூனிட்டில் நிற்கும் வீட்டில் உங்கள் வண்டியின் 60, 70 யூனிட் வந்து சேர்ந்தால் பில் துள்ளும். சார்ஜ் பாயிண்டுக்கென்று சிறிய சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொண்டால் இருவருக்கும் மனக்கசப்பு வராது.

கேள்வி: எங்கள் நைனாவுக்கு வயது 68. கடைத்தெருவுக்கும் நிலத்துக்கும் போய் வர, லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் தேவைப்படாத சிறிய மின் ஸ்கூட்டரை வாங்கித் தரலாம் என்று நினைக்கிறோம்.
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டுச் சான்று பெற்ற மின் வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை, அதற்குத்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. சில கடைகளில் ‘ஆர்.சி. வேண்டாம், ஆனாலும் நாற்பதில் போகும்’ என்று சொல்லி விற்கிறார்கள். வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்ட அந்த வண்டி சட்டப்படி பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும். அத்தகைய வண்டியைத் தொடாதீர்கள்.

மலிவாகக் கிடைப்பவற்றில் பல லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடுபவை. எடை மிகுதி, ஓரிரு ஆண்டுகளில் ஓடும் தூரம் பாதியாகக் குறைந்து, புது செட் மாற்ற வேண்டிவரும். சற்றுக் கூடுதலாகக் கொடுத்து லித்தியம் பேட்டரியே வாங்குங்கள். பெரியவரையே ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள்: உட்கார்ந்தால் இரு கால்களும் தரையில் முழுதாகப் பதிகின்றனவா, சென்டர் ஸ்டாண்ட் போட அவரால் முடிகிறதா என்று பாருங்கள். 25 கிலோமீட்டர் வேக வண்டியை அவர் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மாட்டார் என்ற உறுதி இருந்தால் மட்டுமே வாங்கலாம்.

கேள்வி: ஏலகிரி மலையில் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வாரத்துக்கு மூன்று முறை கீழே ஜோலார்பேட்டைக்கு இறங்கி ஏற வேண்டும். மின் வண்டி மலை ஏறுமா?
– கடைக்காரர், ஏலகிரி

பதில்: நல்ல திறனுள்ள வண்டி ஏறும். அடிவாரத்திலிருந்து மேலே 600, 700 மீட்டர் உயர வேண்டும். வண்டி, ஆள், முப்பது கிலோ சரக்கு எல்லாவற்றையும் அந்த உயரத்துக்குத் தூக்குவதற்குச் செலவாகும் கூடுதல் மின்சாரம் ஏறக்குறைய அரை யூனிட், அதாவது சமதரையில் 15 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். பேட்டரி அளவில் சிக்கல் இல்லை. மோட்டார் சூடாவதில்தான் சிக்கல். இடைவிடாமல் ஏறும்போது சூடு எல்லையைத் தொட்டால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் சரக்கோடு ஒரே மூச்சில் ஏறிக் காட்டும்படி டெஸ்ட் ரைடு கேளுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று: இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக இருந்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும் வசதி பல வண்டிகளில் உண்டு. ஆனால் பேட்டரி 100 விழுக்காடு நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லாததால் அது வேலை செய்யாது. பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். மேலே இருந்து புறப்படும் நாளில் 85, 90 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரணியில் பட்டு நெசவு எங்கள் தொழில். சேலைகளைக் கடைகளுக்குக் கொண்டுசெல்ல மின் ஸ்கூட்டர் பார்த்திருக்கிறோம். வேலூர் ஷோரூமில் விலை குறைவாகவும் ஆரணியில் கூடுதலாகவும் சொல்கிறார்கள். எங்கே வாங்குவது? என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?
– வாசகர், ஆரணி

பதில்: எந்த ஊரில் அந்தக் கம்பெனியின் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் உதிரி பாகங்களும் இருக்கின்றனவோ அந்த ஊரில் வாங்குங்கள், சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. பெட்ரோல் வண்டி நின்றுபோனால் தெருமுனை மெக்கானிக் எப்படியாவது ஓட வைத்துவிடுவார். மின் வண்டியில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போனால் கம்பெனியின் ஆள்தான் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். ஆரணியில் விற்பனை மட்டும் நடந்து, சர்வீஸுக்கு வேலூர் வரை வண்டியை டெம்போவில் ஏற்றி அனுப்புவதாக இருந்தால் அந்தக் கூடுதல் விலைக்குப் பொருளே இல்லை. ஷோரூமில் விற்பவரை விட, சர்வீஸ் வாசலில் காத்திருக்கும் வண்டிக்காரர்களைக் கேளுங்கள். உதிரி பாகத்துக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதை அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

விலையை ஒப்பிடும்போது இரு இடத்திலும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். சிலர் சார்ஜருக்கும், திரையில் வழிகாட்டும் மென்பொருள் வசதிகளுக்கும் தனியாகப் பணம் சேர்க்கிறார்கள். மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான். ஒன்றிய அரசின் மானியம் ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருக்கிறது. மாநிலத்தின் சாலை வரி விலக்கும் காலவரையறை உள்ளது. ஆகவே வாங்கும் நாளில் நடப்பில் உள்ளதைக் கேட்டு, அந்தத் தொகை பில்லில் கழித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘பிறகு உங்கள் கணக்கில் வரும்’ என்று வாய்ச் சொல்லாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்; சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் பேட்டரியும் சார்ஜரும் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பேட்டரி உத்தரவாதம் சில கம்பெனிகளில் 3 ஆண்டு, சிலவற்றில் கூடுதல் பணம் கட்டினால் 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை நீள்கிறது. ஆண்டுக் கணக்கைக் காட்டிலும் உள்ளே இருக்கும் விதிகளே முக்கியம்: எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், புதிய பேட்டரியா பழுது நீக்கியதா, தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் உண்டா, வணிகப் பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கிறதா? நீங்கள் சரக்கு கொண்டுசெல்வதால் கடைசிக் கேள்வி உங்களுக்கு மிகவும் வேண்டியது. பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததை எல்லாரும் பார்த்தோம், பேட்டரிக்குத் தூசும் நீரும் புகாமைக்கான ஐ.பி. 67 தரம் இருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது சோதனைக் கணக்கு. அது வண்டியின் மற்ற மின் இணைப்புகளுக்கும் சேர்த்து அளிக்கப்படும் உறுதி அல்ல.

வண்டியை எடுக்கும் நாளில் பில்லில் சேஸிஸ் எண், மோட்டார் எண் ஆகியவற்றோடு பேட்டரியின் வரிசை எண்ணும் சார்ஜரின் வரிசை எண்ணும் எழுதப்பட வேண்டும். சீட்டைத் தூக்கச் சொல்லி, பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நீங்களே படித்து, பில்லில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஒத்திருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.